யாருக்கு நோய் வரவில்லை?

பெயரிலேயே பொய் இருக்கும் ஒரு நோயைப் பற்றி இந்தத் தவணையில் எங்கள் வகுப்பில் படித்தோம். 'சூடோரேபிஸ்' என்பது அதன் பெயர். தமிழில் சொன்னால் 'போலி வெறிநோய்'. வெறிநாய்க்கடியால் வரும் ரேபிஸ் நோய் போலத் தோன்றும், ஆனால் அது அல்ல. ஒரு நோய்க்கு 'அது இது அல்ல' என்றே பெயர் வைத்திருப்பது எனக்கு விந்தையாகப் பட்டது. தேடிப் படித்தபோது, அதே போன்ற ஒரு கதை நம் நாட்டிலேயே நடந்திருப்பது தெரிந்தது. அந்தக் கதையில் 105 உயிர்கள் போயின. அது தொடங்கிய இடம், நான் பிறந்து வளர்ந்த கேமரன் மலைக்கு நேர் கீழே உள்ள பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரம்.

நான் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி. என் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிறது. இந்தக் கட்டுரையில் இரண்டு நோய்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இரண்டையும் புரிந்துகொள்ள உதவிய கேள்வி ஒன்றுதான். நோய் யாருக்கு வந்தது என்று எல்லாரும் கேட்கிறோம். யாருக்கு வரவில்லை என்று கேட்கிறோமா?

புடாபெஸ்டில் ஒரு மாடு, ஒரு நாய், ஒரு பூனை

1902ஆம் ஆண்டு. ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்டில் அலாடார் அவுயெஸ்கி என்ற மருத்துவ ஆய்வாளர் சில விலங்குகளின் மரணத்தை ஆராய்ந்தார். மாடு, நாய், பூனை ஆகியவை துடிதுடித்துச் செத்திருந்தன. பார்த்தவர்கள் ரேபிஸ் என்றே நினைத்தார்கள். ஆனால் நோயின் போக்கு அதனோடு பொருந்தவில்லை. ரேபிஸ் கிருமி உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்படப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். இதுவோ சில நாள்களிலேயே ஆளை முடித்துவிட்டது. நோயுற்ற விலங்கிலிருந்து எடுத்ததை முயல்களுக்குச் செலுத்திப் பார்த்து, இது வேறொரு நோய் என்று அவர் காட்டினார். இன்றும் இதற்கு 'அவுயெஸ்கி நோய்' என்ற பெயர் உண்டு.

இந்த நோய் வந்த மாட்டுக்கும் நாய்க்கும் தாங்க முடியாத அரிப்பு ஏற்படும். தோல் கிழிந்து இரத்தம் வரும் வரை தன்னையே கடித்துக்கொள்ளும், சுவரில் தேய்த்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள்களில் இறந்துவிடும். அமெரிக்காவில் மாடு வளர்த்தவர்கள் இதைப் 'பைத்திய அரிப்பு' என்றே அழைத்தார்கள்.

இவ்வளவு கொடிய நோய் எங்கிருந்து வந்தது? மாடு, ஆடு, நாய், பூனை, எலி என்று பல பாலூட்டிகளுக்கு இந்த நோய் வருகிறது. வந்தவை எல்லாம் விரைவில் செத்துவிடுகின்றன. எல்லாமே செத்துப் போனால் கிருமியும் அவற்றோடு முடிந்துவிட வேண்டும் அல்லவா? முடியவில்லை என்றால், சாகாமல் அதைச் சுமந்துகொண்டிருக்கும் ஓர் உயிர் எங்கோ இருக்கிறது என்று பொருள்.

அந்த உயிர் பன்றி. 1930களில் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஷோப் இதைத் தெளிவுபடுத்தினார். அயோவா மாநிலத்தில் மாடுகளைக் கொன்ற பைத்திய அரிப்பும் அவுயெஸ்கி கண்ட நோயும் ஒன்றே என்று அவர் காட்டினார். அதே பண்ணையில் இருந்த பன்றிகளுக்குள் அந்தக் கிருமி பெரிதாக வெளியே தெரியாமல் பரவிக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத பன்றிக்குட்டிகளுக்கு மட்டும் இது எமன். கிட்டத்தட்ட எல்லாமே செத்துவிடும். சினைப்பன்றிகளுக்குக் கரு கலையும். வளர்ந்த பன்றிக்குக் கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் இருமல் வரும். பிறகு தேறிவிடும். ஆனால் கிருமி போகாது. நரம்பு முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டு ஆயுள் முழுவதும் இருக்கும். லோரியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோனாலோ, குட்டி போடும் காலத்திலோ உடல் தளரும்போது மீண்டும் வெளியே வரும். நமக்குச் சின்னம்மை போன பிறகு அதே கிருமி உடலில் தங்கி, வயதான காலத்தில் அக்கியாக வருகிறதே, அதே ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

ஆக, இந்த நோயின் முடிச்சை அவிழ்த்தது செத்த மாடு அல்ல, சாகாத பன்றி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மலேசியாவுக்கு வருவோம்.

ஈப்போவில் தொடங்கிய காய்ச்சல்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதி. ஈப்போவை ஒட்டிய கிந்தா மாவட்டத்தில் பன்றிப் பண்ணைகளோடு தொடர்புடையவர்களுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தலைவலி, வாந்தி, தலைசுற்றல், பிறகு நினைவிழப்பு. மூளை வீங்கிச் சிலர் இறந்தார்கள்.

மலேசியாவில் பன்றியோடு தொடர்புடைய மூளைக்காய்ச்சல் ஒன்று ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். அதுதான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். சுருக்கமாக ஜே.இ. இதன் கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொசு பன்றியைக் கடித்து, பிறகு மனிதனைக் கடிக்கும்போது பரவும். சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜே.இ. கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருளும் தென்பட்டது. எனவே நோய்க்கு ஜே.இ. என்று பெயர் வைக்கப்பட்டது. பெயர் வைத்த பிறகு செய்ய வேண்டியதும் தெளிவாகிவிட்டது. ஊர் ஊராகக் கொசுப்புகை அடித்தார்கள். மக்களுக்கும் பன்றிகளுக்கும் ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். அந்தப் பெயருக்கு அது சரியான நடவடிக்கைதான்.

ஆனால் நோய் நிற்கவில்லை. 1998 டிசம்பரில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்கு அருகில் உள்ள சிக்காமாட்டில் தலைகாட்டியது. அடுத்து போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக் பகுதியில் பெரிதாக வெடித்தது. அப்போது நாட்டிலேயே பன்றி வளர்ப்பு அதிகம் நடந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. கொசு பறந்து பேராக்கிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு வந்துவிடவில்லை. நோயுற்ற பண்ணைகளின் பன்றிகள் விற்கப்பட்டு லோரியில் ஏறித் தெற்கே வந்தன. கிருமியும் அவற்றோடு வந்தது.

பொருந்தாத ஐந்து விஷயங்கள்

இப்போது திரும்பிப் பார்த்தால், ஜே.இ. என்ற பெயர் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தது தெரிகிறது. ஐந்தைச் சொல்கிறேன்.

முதலாவது, வயது. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் நோய். இங்கே படுக்கையில் கிடந்தவர்கள் உழைக்கும் வயதுப் பெரியவர்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த 94 நோயாளிகளின் விவரம் 2000ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் வெளியானது. அவர்களின் சராசரி வயது 37. ஒரு பெண்ணுக்கு 4 அல்லது 5 ஆண்கள் என்ற கணக்கில் இருந்தார்கள். ஒரே வீட்டில் பிள்ளைகள் நலமாக இருக்க, அப்பா மட்டும் ஏன் விழுந்தார்? கொசு பிள்ளைகளை விட்டுவிட்டு அப்பாவை மட்டுமா கடிக்கும்?

இரண்டாவது, தொழில். அந்த 94 பேரில் 93 விழுக்காட்டினர் பன்றிகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்தவர்கள். பெரும்பாலும் நோய் வருவதற்கு முந்திய இரண்டு வாரங்களுக்குள்.

மூன்றாவது, இனமும் சமயமும். நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அடுத்து இந்தியர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். முஸ்லிம்கள் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்வதில்லை, அவர்களுக்கு நோயும் பெரும்பாலும் வரவில்லை. கொசு யாருடைய சமயத்தையும் கேட்டுக் கடிப்பதில்லை.

நான்காவது, தடுப்பூசி. ஜே.இ. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள்.

ஐந்தாவது, பன்றிகள். ஜே.இ. கிருமி இருந்தாலும் பன்றி வெளியே நன்றாகத்தான் தெரியும். சினைப்பன்றிக்குக் கரு கலைவதோ செத்த குட்டி பிறப்பதோதான் வழக்கம். ஆனால் இந்த முறை பன்றிகள் இருமின. வெகுதூரம் கேட்கும்படி, நாய் குரைப்பது போன்ற இருமல். மூச்சு வாங்கின, நடுங்கின. சில தாய்ப்பன்றிகள் திடீரென்று செத்தன. இருந்தாலும் மொத்தத்தில் செத்த பன்றிகள் குறைவுதான், 100க்கு 5க்கும் கீழே. கொட்டகை கொட்டகையாகச் செத்திருந்தால் எல்லாரும் உடனே திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

இந்த ஐந்தில் முதல் மூன்றையும் பாருங்கள். பிள்ளைகளுக்கு வரவில்லை. பன்றியைத் தொடாதவர்களுக்கு வரவில்லை. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு வரவில்லை. விடை 'வரவில்லை' என்ற பக்கத்தில்தான் இருந்தது.

கொட்டகை கழுவியவர் கண்டது

எங்கள் பாட்டி ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பாட்டியின் தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா முறை, தோட்டத்துச் சம்பளம் போதாமல் 1990களில் கீழே இறங்கி நெகிரி செம்பிலானில் ஒரு பன்றிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். கொட்டகை கழுவுவது, தீனி போடுவது, பன்றிகளை லோரியில் ஏற்றுவது அவர் வேலை. 1999 தொடக்கத்தில், உடன் வேலை செய்தவர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வராததைக் கண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையேறி எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். அந்த நாள்களில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். இவரும் அப்படி வந்தவர்களில் ஒருவர்.

லயத்தில் சிலர் அவர் குடித்த குவளையைத் தனியாக வைத்தார்களாம். அவரை யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் பக்கத்திலும் உட்காரவில்லை என்று பாட்டி சொல்வார். அவருக்கு நோய் வரவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றைப் பாட்டி இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். ஆட்கள் காய்ச்சலில் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கொட்டகையில் பன்றிகள் விநோதமாக இருமத் தொடங்கிவிட்டன என்பதுதான் அது. கழுவுகிறவருக்கும் தீனி போடுகிறவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கால்நடை மருத்துவ மாணவி என்ற முறையில் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. விலங்கு நோய்களை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். தினமும் அந்த விலங்கின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்கும் தொழிலாளிதான். நம் நாட்டில் அந்த இடத்தில் பல காலமாகத் தமிழர்கள் நின்றிருக்கிறார்கள். இன்று அந்த இடத்தில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நிற்கிறார்கள். அவர்களுடைய மொழியில் அவர்களைக் கேட்க ஆள் இருக்கிறதா என்பது இன்றைய கேள்வி.

நுண்ணோக்கிக்கு அடியில்

1999 மார்ச் மாதத் தொடக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமையில் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அங்கே சுவா கா பிங் என்ற மருத்துவர் வைரஸ் துறையில் மேற்கல்வி பயின்றுகொண்டிருந்தார். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் விட்டுப் பார்த்தார். அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று கரைந்து ஒட்டி, பெரிய கட்டிகளாக மாறின. ஜே.இ. கிருமி உயிரணுக்களை அப்படி மாற்றுவது வழக்கமில்லை.

மாதிரியோடு அவர் அமெரிக்காவுக்குப் பறந்தார். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் உள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஜே.இ. குடும்பத்தோடு தொடர்பே இல்லாத வேறொரு வைரஸ் தெரிந்தது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றின் கிருமிகள் இருக்கும் குடும்பம் அது. அதற்கு மிக நெருங்கிய உறவு ஒன்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் ஒரு குதிரைப் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸ்.

புதிய கிருமியைப் பிரித்தெடுக்க உதவிய நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. அதனால் அதற்கு நிப்பா வைரஸ் என்று பெயர் வந்தது.

சரியான பெயர் கிடைத்தவுடன் வேலை மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைத் தொடாதே, நகர்த்தாதே என்ற திசைக்கு எல்லாம் திரும்பின. பன்றிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவது தடுக்கப்பட்டது. நோய் கண்ட வட்டாரங்களில் இராணுவத்தின் உதவியோடு பன்றிகள் அழிக்கப்பட்டன. மொத்தம் சுமார் 11 லட்சம் பன்றிகள். நோய்க்கு முன் நாட்டில் 24 லட்சம் பன்றிகள் இருந்தன. அது 13 லட்சமாகக் குறைந்தது. பாதிக்கும் மேற்பட்ட பண்ணைகள் மூடப்பட்டன. அந்தப் பணியில் ஈடுபட்ட 1,412 இராணுவத்தினரைப் பிறகு சோதித்தபோது 6 பேரிடம் கிருமி தொற்றிய அடையாளம் இருந்தது. சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த வெட்டுமனைத் தொழிலாளர்களில் 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார்.

மலேசியாவின் கணக்கு: 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக்கூட மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது. 1999க்குப் பிறகு இன்றுவரை நம் நாட்டில் நிப்பா வரவில்லை.

மாமரமும் வௌவாலும்

பன்றிக்கு யார் கொடுத்தது? இங்கேயும் அதே கேள்வி. இந்தக் கிருமியைச் சுமந்தும் நோய்வாய்ப்படாமல் இருப்பது எது? ஹெண்ட்ரா கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருந்ததால் ஆய்வாளர்கள் அங்கேயே தேடினார்கள். விடை கிடைத்த இடம் எங்கள் பகாங் மாநிலத்தின் தியோமான் தீவு. சுவா கா பிங்கின் குழு அங்கே வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி வைத்து, விழும் சிறுநீரைச் சேகரித்தது. பாதி தின்று போட்ட பழங்களையும் பொறுக்கியது. அவற்றில் நிப்பா வைரஸ் இருந்தது. வௌவால் மட்டும் நலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஈப்போவில் நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பண்ணையில் 30,000க்கு மேற்பட்ட பன்றிகள் இருந்தன. அதே நிலத்தில், கொட்டகைகளை ஒட்டியே மாமரங்களும் வளர்க்கப்பட்டன. பழம் பழுத்தபோது வௌவால் வந்தது. எச்சில் பட்ட மாங்காய் கொட்டகைக்குள் விழுந்தது. பன்றி தின்றது. சின்னப் பண்ணையாக இருந்திருந்தால் கிருமி அங்கேயே முடிந்திருக்கலாம். எப்போதும் புதிய குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும் அவ்வளவு பெரிய பண்ணையில் கிருமிக்குத் தீராத விருந்து கிடைத்தது. அதன் பிறகு, பன்றிக் கொட்டகைக்கு அருகில் பழ மரம் வைக்கக் கூடாது என்ற அறிவுரை வந்தது. பெரிய மருந்தோ கருவியோ தேவைப்படாத ஓர் அறிவுரை.

இங்கே வௌவாலைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். டுரியான் பூவுக்கு இரவில் மகரந்தம் சேர்ப்பதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. வௌவால் தன் மரத்தில்தான் இருந்தது. பழமரத்தையும் கொட்டகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நாம்.

சிலிகுரியும் கோழிக்கோடும்

நிப்பா மலேசியாவோடு முடியவில்லை. 2001இல் இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் சிலிகுரி நகரில் ஒரு மர்மக் காய்ச்சல் பரவி 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருத்துவமனைகளுக்குள்ளேயே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது. அது நிப்பா என்பது சில ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த மாதிரிகளை மீண்டும் சோதித்தபோதுதான் உறுதியானது. அங்கே பன்றிக்குத் தொடர்பு இல்லை. வங்காளதேசத்தில் பலருக்கு, வௌவால் வாய் வைத்த பச்சை ஈச்சங்கள்ளின் வழியாக வந்தது.

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் நடந்தது வேறு விதம். பேராம்பிரா என்ற ஊரில் ஒரே குடும்பத்தில் ஒருவர் இறந்து, அடுத்தவர் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார். வழக்கமான மூளைக்காய்ச்சல் ஒரு வீட்டில் இப்படி அடுத்தடுத்து வராதே என்று அங்கிருந்த மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். மாதிரி மணிப்பால் ஆய்வுக்கூடத்துக்கும் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்கும் போனது. சில நாள்களில் பெயர் தெரிந்துவிட்டது. அப்படியும் 17 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்த லினி என்ற இளம் தாதியும் அவர்களில் ஒருவர். ஆனால் நோய் அந்த வட்டாரத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஈப்போவில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆன வேலை கோழிக்கோட்டில் சில நாள்களில் முடிந்தது. மலேசியாவில் கற்ற பாடம் அங்கே உயிர்களைக் காத்தது என்று சொல்வதில் தவறில்லை.

பெயர் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுங்கை நிப்பா மக்கள் என்ன தவறு செய்தார்கள், உலகமே அஞ்சும் நோய்க்குத் தங்கள் ஊர்ப் பெயர் போவதற்கு? 2015இல் உலகச் சுகாதார நிறுவனம், இனி புதிய நோய்களுக்கு ஊர், இனம், விலங்கு ஆகியவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. தவறான பெயர் உயிரைப் பறிக்கும். சரியான பெயரும் சிலரைக் காயப்படுத்தலாம்.

நாம் என்ன செய்யலாம்?

போலி வெறிநோய்க்கு இன்று பன்றிகளுக்கான நல்ல தடுப்பூசி இருக்கிறது. கிருமியின் ஒரு புரதத்தை நீக்கிவிட்டுச் செய்த ஊசி அது. இரத்தத்தைச் சோதித்தால் இது ஊசி போட்ட பன்றியா, உண்மையில் நோய் தொற்றிய பன்றியா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். இந்த ஊசியையும் சோதனையையும் கொண்டே அமெரிக்கா 2004இல் தன் வணிகப் பண்ணைகளிலிருந்து இந்த நோயை ஒழித்தது. மனிதர்களுக்கு இது வராது என்றுதான் நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லி வந்தன. அண்மை ஆண்டுகளில் சீனாவில் பன்றி இறைச்சி வெட்டுபவர்கள் போன்ற சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது அவர்களின் முதுகுத்தண்டு நீரில் இந்தக் கிருமியின் மரபுக்கூறு கண்டறியப்பட்டது. எண்ணிக்கை மிகக் குறைவுதான். ஆனாலும் 'வராது' என்ற சொல்லை ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நிப்பாவுக்கோ இன்றுவரை அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இல்லை.

எங்களைப் போல் காட்டோரம் வாழ்பவர்களுக்குச் சில எளிய பழக்கங்கள் போதும். காட்டுப்பன்றி இறைச்சியையோ குடலையோ பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேட்டை நாய்களுக்கு அவுயெஸ்கி நோய் வருவது அப்படித்தான். விலங்கு கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள். 2021இல் சபாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது என்றாலும், பன்றிகளையும் அவற்றை நம்பியவர்களின் பிழைப்பையும் அது அழிக்கும்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். அறிவியல் மாணவர்களுக்கு இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் பத்துப் பேருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு என்றால், அந்தப் பத்துப் பேர் என்ன சாப்பிட்டார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நலமாக இருக்கும் பத்துப் பேரையும் உட்கார வைத்து, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1999இல் நோயாளிகளையும் நலமாக இருந்தவர்களையும் இப்படி ஒப்பிட்டுத்தான் பன்றியைத் தொட்டதே காரணம் என்று உறுதி செய்தார்கள். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு தாள், ஒரு பேனா, பிறகு சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவும் அக்காவிடமும் போய்க் கேட்கும் மனம்.